தழும்புக்கும் வயதாகிறது: எங்கள் தோலை எப்படிப் பார்த்துக்கொள்வது?

சில மாதங்களுக்கு முன் கிளிநொச்சியில் ஒரு பான்சிக் கடையில் நின்றிருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை தாயுடன் வந்து நின்றாள். கழுத்தின் இடப்பக்கத்தில் தொடங்கித் தோள்வரை இறங்கும் எரிகாயத் தழும்பு. அதை மறைக்கச் சட்டைக் கொலரை உயர்த்தி விட்டிருந்தாள். 2009 இல் அவளுக்கு ஐந்து வயது இருந்திருக்கும்.

"அண்ணை, இதுக்குப் போட ஏதும் கிறீம் இருக்கே?" தாய்தான் கேட்டார்.

கடைக்காரர் அந்தப் பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி அலுமாரிக்குள் கையை விட்டு ஒரு சிறிய டப்பாவை எடுத்து வைத்தார். "இதைப் போடுங்கோ அம்மா. ஒரு மாசத்தில தழும்பும் போகும், நிறமும் வரும்."

நான் அந்த டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உற்பத்தி செய்தவரின் பெயர் இல்லை. இறக்குமதி செய்தவரின் முகவரி இல்லை. உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விபரமும் இல்லை. மூடியில் ஒரு வெளிறிய பெண்ணின் முகம் மட்டும் இருந்தது. நான் வாயெடுக்க முன்னரே தாய் காசைக் கொடுத்துவிட்டார். இருவரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள்.

அன்று அவர்களிடம் சொல்ல முடியாமற் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கும் இடது முழங்கையின் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் நானும் முழுக்கைச் சட்டையோடுதான் வகுப்புக்குப் போனேன். நானும் அப்படியொரு டப்பாவை வாங்கினேன். முதல் இரண்டு கிழமைகள் அதிசயம் போலத்தான் இருந்தது. தழும்பைச் சுற்றியிருந்த கறுப்பு மங்கியது. மிச்சத்தை முகத்திலும் பூசினேன். மூன்றாம் மாதம் முகம் சிவந்து, வெயிலில் நின்றால் மிளகாய் பூசியது போல எரிந்தது. கன்னத்தில் நூல் போன்ற சிவப்பு நரம்புகள் தெரிந்தன. கிறீமை நிறுத்தினால் எரிவு கூடியது. பூசினால் அடங்கியது.

தோல் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பிள்ளை பூசினனீங்கள்?" என்பதுதான். டப்பாவைக் காட்டினேன். "இதில ஸ்டீரொயிட் இருக்கும். உங்கட தோல் மெலிஞ்சு போச்சு. இனி ஒண்டும் போடாம விட்டாத்தான் அது தேறும்" என்றார். தேறுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

தோல் என்பது ஒரு மதில்

தோல் எங்கள் உடலின் மிகப் பெரிய உறுப்புகளில் ஒன்று. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் வரும். அதன் மேற்படை எப்படி இயங்குகிறது என்பதை விளக்க, அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீற்றர் எலியாஸ் 1980களில் ஓர் உவமையைப் பரவலாக்கினார். மேற்படையில் உள்ள தட்டையான இறந்த கலங்கள் கற்கள். அவற்றுக்கிடையே இருக்கும் கொழுப்புகள் சாந்து. கல்லும் சாந்தும் சேர்ந்து கட்டிய மதில்தான் உள்ளேயுள்ள நீரை வெளியேறாமலும், வெளியேயுள்ள கிருமியையும் அழுக்கையும் உள்ளே வராமலும் தடுக்கிறது. செரமைட், கொலஸ்ரரோல், கொழுப்பமிலம் என்ற மூன்றும்தான் அந்தச் சாந்தின் முக்கிய பகுதிகள்.

இந்த மதில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். இளவயதில் அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். வயது போகப் போக அது தாமதமாகும். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்டது. அதன் பீ.எச். அளவு 5 இற்குக் கிட்ட இருக்கும். சாதாரண சவர்க்காரத்தின் பீ.எச். அளவு 9 முதல் 10 வரை. ஒவ்வொரு முறையும் நாங்கள் நுரை வர நுரை வரத் தேய்க்கும்போது, மதிலின் சாந்தும் கொஞ்சம் கழுவுப்பட்டுப் போகிறது. பீர்க்கம் நாரால் உரஞ்சினால் கல்லும் சேர்ந்து பெயரும். குளித்த பிறகு தோல் இறுகுவது போல இருந்தால், அதைச் சுத்தமாகிவிட்டதன் அடையாளம் என்று நினைக்கிறோம். உண்மையில் மதில் நீரை இழக்கத் தொடங்கிவிட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது.

உலகம் எந்தப் பக்கம் திரும்புகிறது?

பத்து வருடங்களுக்கு முன் கொரியாவிலிருந்து வந்த "பத்துப் படி" முகப் பராமரிப்புத்தான் எங்கும் பேச்சாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துப் போத்தல்கள். அதற்குப் பின் வந்தது அமிலங்களின் காலம். தோலை உரித்துப் புதுப்பிப்போம் என்று வீட்டிலேயே கடுமையான அமிலங்களைப் பூசினார்கள். எரிந்து சிவந்த முகங்களோடு பலர் தோல் வைத்தியர்களிடம் போனார்கள்.

இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. பின்ரெஸ்ற் தளம் 2021 ஆம் ஆண்டுக்கான தன் போக்குகளின் பட்டியலில், "குறைவாகப் பூசு" என்ற பொருள்படும் "ஸ்கினிமலிசம்" என்ற சொல்லைச் சேர்த்தது. தோலின் மதிலைக் காப்பதுதான் முதல் வேலை என்று பெரிய நிறுவனங்களும் பேசத் தொடங்கின. செரமைட் சேர்த்த, வாசனை சேர்க்காத கிறீம்கள் முன்னுக்கு வந்தன. இரவில் முகத்துக்கு வசிலின் பூசிப் படுப்பதை டிக்டொக்கில் புதுக் கண்டுபிடிப்புப் போலக் காட்டினார்கள். எங்கள் அம்மம்மாமார் பனிக்காலத்தில் வெடித்த காலுக்குப் பூசிய அதே வசிலின்தான். றொபேட் செஸ்பரோ என்பவர் அமெரிக்காவில் அதற்கு உரிமம் பெற்றது 1872 இல்.

சொற்களும் மாறின. அமெரிக்க அழகு இதழான அலூர், வயதாவதைத் தடுப்பது என்ற பொருளுள்ள "அன்ரி ஏஜிங்" என்ற சொல்லை இனிப் பயன்படுத்துவதில்லை என்று 2017 இல் அறிவித்தது. இந்தியாவில் 1975 இல் அறிமுகமாகி எங்கள் வீட்டு அலுமாரிகள் வரைக்கும் வந்த பெயர் அன் லவ்லி, 2020 இல் "குளோ அன் லவ்லி" என்று பெயரை மாற்றிக்கொண்டது. வெண்மை என்ற சொல் விளம்பரத்திலிருந்து மெல்ல நழுவுகிறது. ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது என்பது வேறு கதை.

புலம்பெயர்ந்த உறவுகள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ரெட்டினோல், அமிலம் சேர்த்த விலை கூடிய கிறீம்களை வாங்கிப் பூசுவது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரிய பிரச்சினையாகியிருக்கிறது. ஸ்வீடனின் பெரிய மருந்துக்கடை நிறுவனங்களில் ஒன்று, இவ்வகைப் பொருட்களை 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதில்லை என்று 2024 இல் முடிவெடுத்தது. அந்த வயதுத் தோலுக்கு அவை தேவையில்லை. தேவையற்ற இடத்தில் எரிவையும் ஒவ்வாமையையும்தான் கொண்டுவரும். ரெட்டினோல் வகைகளைக் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். பெட்டியோடு அனுப்புபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

உலகம் மென்மைக்குத் திரும்பும்போது எங்கள் கடைத்தெருவுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அதன் எதிர்ப்பக்கம்தான். பெயரில்லாத வெண்மைக் கிறீம்களில் மூன்று பொருட்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது பாதரசம். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதை அது தடுக்கும். அதனால்தான் தோல் வெளிறுகிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கும். நரம்புகளைத் தாக்கும். பதற்றம், மனச்சோர்வு, கை கால் விறைப்பு போன்றவற்றையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. பூசுபவருக்கு மட்டுமல்ல, அவரின் துவாயைப் பயன்படுத்தும் பிள்ளைக்கும், ஒரே தலையணையில் படுக்கும் குழந்தைக்கும் அது போய்ச் சேரும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020 உடன் நிறுத்தச் சொன்னது. 2023 இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு அந்த ஒரு பங்கு என்ற எல்லையையும் நீக்கி, பாதரசம் சேர்த்த எல்லா அழகுசாதனங்களையும் 2025 உடன் நிறுத்துவதென்று முடிவெடுத்தது. இலங்கையும் இந்த உடன்படிக்கையில் ஒரு தரப்பு. ஆனாலும் பல நாடுகளில் பரிசோதித்த கிறீம்களில் அந்தப் பழைய எல்லையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

வீட்டிலிருந்தே கவனிக்கக்கூடிய ஓர் அடையாளம் உண்டு. "தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படவிடாதீர்கள்" என்று டப்பாவில் எழுதியிருந்தால் அந்தக் கிறீமைத் தொடவே வேண்டாம். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்தால் தங்கம் வெளிறும். தாலிக்கொடியில் படக்கூடாத ஒன்றைக் கழுத்தில் எப்படிப் பூசுவது? கலொமெல், மேர்கூரிக், மேர்கூரஸ், மேர்கூரியோ என்ற சொற்கள் இருந்தாலும் அது பாதரசம்தான்.

இரண்டாவது ஸ்டீரொயிட். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்ற பெயர்களில் வரும். இவை நல்ல மருந்துகள். எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குப் பூசினால் பெரிய பலன் தருபவை. ஆனால் மாதக்கணக்கில் முகத்துக்குப் பூசினால் தோல் மெலியும். சிவப்பு நரம்புகள் தெரியும். பரு வரும். பெண்களின் முகத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தும்போது எரிவு கூடுவதால் திரும்பப் பூசச் சொல்லும். நான் விழுந்த பொறி இதுதான். படர்தாமரை உள்ள இடத்தில் பூசினால் கடி அடங்கும், ஆனால் பூஞ்சை அடியில் பரவும். பிறகு வைத்தியருக்கே அதை அடையாளம் காண்பது கடினமாகிவிடும்.

மூன்றாவது ஹைட்ரோகுயினோன். வைத்தியரின் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்குக் கரும்புள்ளிகளுக்குப் பயன்படுத்தும் மருந்து இது. வருடக்கணக்கில் பூசியவர்களுக்கு, வெளுக்க நினைத்த இடமே நீலக் கறுப்பாக நிலைத்துவிட்டது. தென்னாபிரிக்காவின் கறுப்பினப் பெண்களிடையே இந்தப் பாதிப்பு பரவலாகக் காணப்பட்டதால், அந்த நாடு 1990 இல் இதை அழகுசாதனங்களில் தடை செய்தது.

உற்பத்தியாளர், இறக்குமதியாளர், சேர்மானங்கள், காலாவதித் திகதி ஆகிய நான்கும் இல்லாத டப்பாவை வாங்க வேண்டாம். அப்படி விற்பதைக் கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஏற்கெனவே இப்படி ஒன்றை நீண்ட காலம் பூசி வருபவர்கள், டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் கிளினிக்குக்குப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் அதே டப்பாவோடு இரண்டு பேர் நின்றார்கள்.

கழுவு, ஈரம் காப்பாற்று, வெயிலைத் தடு

தோலை நீண்ட காலம் நலமாக வைத்திருக்கத் தேவையானது இந்த மூன்றும்தான். இவற்றில் எதற்கும் பெரிய காசு தேவையில்லை.

கழுவும்போது உரஞ்ச வேண்டாம். உடல் முழுவதும் நுரைக்கத் தேவையில்லை. அக்குள், தொடையிடுக்கு, பாதம், வியர்த்த இடங்களுக்குச் சவர்க்காரம் போதும். வறண்ட தோல் உள்ளவர்கள் மற்ற இடங்களைத் தண்ணீரால் கழுவினால் போதும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அந்தக் கடினத் தண்ணீரில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. நாங்கள் இன்னும் கூடப் போடுவோம். அது சுண்ணாம்போடு சேர்ந்து படிவாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குறைவாகப் போட்டு, நன்றாகத் தண்ணீர் வார்த்துக் கழுவ வேண்டும். வாசனை குறைந்த, "சோப் ப்ரீ" என்று குறிப்பிட்ட கட்டிகள் கிடைத்தால் நல்லது. குழந்தைச் சவர்க்காரம் என்ற பெயர் மட்டும் மென்மைக்கு உத்தரவாதம் இல்லை.

குளித்து, துவாயால் ஒற்றி எடுத்து, உடல் ஈரம் முழுதாகக் காயமுன் ஈரம் காக்கும் ஏதாவதொன்றைப் பூச வேண்டும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பரபின், அக்குவஸ் கிறீம், கிளிசரின் சேர்த்த லோஷன், வசிலின் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். அக்குவஸ் கிறீம் சிலருக்கு எரியும். எரிந்தால் கழுவிவிட்டு வேறொன்றுக்கு மாறுங்கள்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ளவர்களிடமும், எக்ஸிமா உள்ள சிறுவர்களிடமும் நடந்த ஆய்வுகளில் கலப்பில்லாத, சூடாக்காமல் எடுத்த தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்திருக்கிறது. கை, கால், உடம்புக்குத் தாராளமாகப் பூசலாம். பரு வரும் முகத்துக்கு மட்டும் வேண்டாம். துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டும்.

தேசிக்காய் விடயத்தில் கவனம் தேவை. தேசிக்காய்ச் சாற்றிலுள்ள சில இரசாயனங்கள் வெயில் பட்டதும் தோலை எரிக்கும். கொப்புளம் போட்டு, பிறகு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். நிறம் வரும் என்று முகத்தில் பிழிந்து பூசிக்கொண்டு வயலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போனால் நடப்பது இதற்கு நேர்மாறு.

மூன்றாவது வெயில். தோல் முதுமை அடைவதில் வெயிலுக்குப் பெரிய பங்குண்டு என்பதற்கு நல்ல சான்று அவுஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் கிடைத்தது. 1992 முதல் 1996 வரை அங்கே ஒரு பகுதியினரைத் தினமும் சன்ஸ்கிறீன் பூச வைத்தார்கள். மற்றவர்கள் விரும்பியபோது பூசினார்கள். 2013 இல் வெளிவந்த முடிவின்படி, தினமும் பூசியவர்களின் தோலில் முதுமை மாற்றங்கள் 24 சதவீதம் குறைவாக இருந்தன. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். எங்கள் கறுப்பு நிறம் ஓரளவு இயற்கைக் குடை. ஆனாலும் மங்கு, கரும்புள்ளி, தழும்பு கறுத்தல் எல்லாவற்றையும் வெயில் கூட்டுகிறது.

எஸ்.பி.எப். 30 உள்ள சன்ஸ்கிறீன் தோலை எரிக்கும் கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசினால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். விலை கட்டாதவர்களுக்குக் குடை, அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை போதும். காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் இடையில் நிழலைத் தேடுங்கள். தோட்டத்திலும் கடலிலும் வேலை செய்பவர்களுக்கு அது எப்போதும் முடியாது. ஒரு சால்வை எப்போதும் முடியும்.

தழும்புள்ள தோலுக்கு

எரிகாயத் தழும்பில் வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் அழிந்திருக்கும். அதனால் அந்த இடம் தானாக ஈரமாகாது, வெக்கையில் தன்னைக் குளிர்த்தவும் தெரியாது. வருடங்கள் போன பிறகும் இரவில் கடிப்பதற்கு இந்த வறட்சி ஒரு காரணம். சொறிந்தால் மெல்லிய தோல் கிழிந்து புண்ணாகும். நாளுக்கு இரண்டு, மூன்று தரம் வாசனையில்லாத கிறீமோ வசிலினோ பூசி, விரல் நுனியால் மெல்ல வட்டமாக அழுத்தித் தடவுங்கள். கடி வந்தால் குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். நகத்தைக் கட்டையாக வெட்டி வையுங்கள்.

புதிய தழும்பு முதிர்ந்து அடங்க ஒன்று முதல் இரண்டு வருடங்கள் எடுக்கும். அந்தக் காலத்தில் வெயில் படாமல் மூடி வைத்தால் கறுப்பது குறையும். தடித்து எழும் தழும்புகளுக்கு 1980களிலிருந்து சிலிக்கோன் தாள்களும் ஜெலும் பயன்படுகின்றன. நாளில் பன்னிரண்டு மணித்தியாலமாவது, பல மாதங்களுக்கு வைத்திருக்க வேண்டும். பழைய தழும்பில் அவற்றின் பலன் குறைவு. எங்களைப் போன்ற கறுப்புத் தோலினருக்குக் கீலோயிட் என்ற, காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும் தழும்பு கூடுதலாக வரும். அதை வெட்டி மட்டும் எடுத்தால் முன்பை விடப் பெரிதாகத் திரும்பலாம். ஊசி மருந்து உட்பட வேறு வழிகள் உண்டு. தோல் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

புதுக் காயத்தைக் காய விடுவதுதான் நல்லது என்ற நம்பிக்கை எங்களிடம் ஆழமானது. 1962 இல் பிரித்தானிய ஆய்வாளர் ஜோர்ஜ் வின்ரர், ஈரம் காக்கப்பட்ட காயங்களில் தோல் விரைவாக மூடுவதைக் காட்டினார். சிறிய கீறலைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, மெல்லிதாக வசிலின் பூசி, மூடி வைத்தால் போதும். எரிகாயம் பட்டவுடன் ஓடும் குளிர் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் ஐஸ் கட்டியும் வேண்டாம்.

செயற்கைக் கால் போடுபவர்கள் இரவில் காலைக் கழற்றிய பிறகு எஞ்சிய பகுதியை மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, நன்றாக ஒற்றி, அப்போதுதான் கிறீம் பூச வேண்டும். காலையில் பூசிவிட்டுப் போட்டால் ஈரம் தங்கித் தோல் ஊறிவிடும். காலுக்குள் போடும் மேசை தினமும் தோய்க்க வேண்டும். ஸ்பிரிட் பூசித் தோலைத் தடிக்கச் செய்யலாம் என்பது தவறு. அது வறட்டி வெடிக்க வைக்கும். சிவப்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பிழை தோலில் இல்லை. காலின் பொருத்தத்தைச் சரி பார்க்க வேண்டும். தோலுக்கடியில் தட்டுப்படும் செல் துண்டை வீட்டில் கிளற வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உடலில் துண்டு இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

பழைய தழும்பில் புதுப் புண்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இந்தப் பகுதியை வைத்திருங்கள்.

என் பெரியப்பாவுக்கு 1990களின் தொடக்கத்தில் குண்டுவீச்சில் கெண்டைக்காலில் எரிகாயம் பட்டது. தோல் மூடி, பளபளப்பான தழும்பாகி, முப்பது வருடங்கள் போய்விட்டன. ஒரு நாள் அதில் சிறிய வெடிப்பு. வேப்பெண்ணெய் பூசினார். மஞ்சள் அரைத்துக் கட்டினார். ஏழு மாதமாகியும் மாறவில்லை. ஓரம் தடித்து, தொட்டால் இரத்தம் கசிந்தது. மணமும் வந்தது. "பழைய காயம்தானே பிள்ளை, அது அப்பிடித்தான் இருக்கும்" என்றார். நாங்களும் நம்பினோம்.

வைத்தியசாலையில் ஒரு சிறு துண்டு வெட்டிப் பரிசோதித்தார்கள். தோல் புற்றுநோய்.

நீண்ட காலத் தழும்பிலும் ஆறாப் புண்ணிலும் வரும் இந்த நோய்க்கு மார்ஜோலின் புண் என்று பெயர். பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் நிக்கொலா மார்ஜோலின், தழும்பில் தோன்றும் இத்தகைய புண்களை 1828 இல் விபரித்தார். இது அரிதானது. எரிகாயத் தழும்புகளில் நூற்றுக்கு ஒன்று, இரண்டில் வரலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. காயம் பட்டுப் புற்றாக மாறச் சராசரியாக முப்பது வருடங்கள் எடுக்கும். தையல் போடாமல், தோல் ஒட்டாமல் தானாக மூடிய காயங்களிலும், மூட்டு மடிப்பில் அடிக்கடி இழுபட்டு வெடிக்கும் தழும்புகளிலும் கூடுதலாக வரும்.

இந்த முப்பது வருடக் கணக்கை எங்கள் காலக்கோட்டில் வைத்துப் பாருங்கள். 1987 இலும் 1990 இலும் 1995 இலும் பட்ட காயங்களுக்கு இப்போது அந்த வயது. 2009 இன் காயங்களும் பதினைந்து வருடங்களைக் கடந்துவிட்டன. அந்தக் காயங்களில் எத்தனையோ, பங்கருக்குள்ளும் தரப்பாளுக்குக் கீழும், தோல் ஒட்டும் வசதியில்லாமல் தானாக மூடியவை.

எங்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. போர் முடிந்த காலத்தில் உடலிலுள்ள தழும்பு வெறும் தழும்பாகப் பார்க்கப்படவில்லை. "இது எங்க பட்டது, எப்பிடிப் பட்டது?" என்ற கேள்விக்குப் பயந்து மூடி வைத்துப் பழகியவர்கள் பலர். பெண்பிள்ளைகளுக்குக் கலியாணப் பேச்சு என்ற இன்னொரு பயம். மூடி வைத்த பழக்கம் இன்றும் போகவில்லை. வைத்தியரிடம்கூடக் காட்டுவதில்லை. சிலர் தாங்களே பார்ப்பதில்லை.

பெரியப்பாவுக்குப் புண்ணைச் சுற்றி அகலமாக வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் ஒட்டினார்கள். பிறகு தெல்லிப்பளையில் கிளினிக் காட்டினார். கால் தப்பியது. இன்னும் பிந்தியிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார்.

மாதத்தில் ஒரு நாள் நல்ல வெளிச்சத்தில் உங்கள் தழும்பைப் பாருங்கள். முதுகிலிருந்தால் வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். பழைய தழும்பில் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், தடித்து உயரும் ஓரம், தானாக இரத்தம் கசிதல், கெட்ட மணம், வளரும் கட்டி, புதிதாகத் தொடங்கிய நோவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் போங்கள். தழும்பு இல்லாதவர்களும் உணர்ச்சி குறைந்த வெளிறிய தேமலைக் கண்டால் காட்ட வேண்டும். இலங்கையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய தொழுநோயாளர்கள் அடையாளம் காணப்படுகிறார்கள். மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். வெண்மைக் கிறீம் பூசிக் காலத்தைக் கடத்தினால் நரம்பு பழுதாகிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

எங்கே போவதென்ற குழப்பம் வேண்டாம். கிட்டிய அரச வைத்தியசாலையின் ஓ.பீ.டி. இல் காட்டினால் தோல் கிளினிக்குக்கோ சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கோ துண்டு எழுதித் தருவார்கள். எப்போது, எப்படிக் காயம் பட்டது என்பதைச் சொல்லுங்கள். எத்தனை வருடமான தழும்பு என்பது வைத்தியருக்கு முக்கியம். "இது பழைய எரிகாயம், இந்தப் புண் இத்தனை மாதமாக மாறவில்லை" என்ற ஒரு வசனம் போதும்.

அந்தக் கடையில் கண்ட பிள்ளையை நான் பிறகு காணவில்லை. கண்டால் முதலில் அந்த டப்பாவைத்தான் கேட்பேன். பிறகு, இரவில் கடிக்கிறதா என்று கேட்பேன். ஒரு வசிலின் டப்பாவும் ஒரு பருத்திச் சால்வையும் வாங்கிக் கொடுப்பேன். தழும்பு போய்விடும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அது போகாது. அவளுக்கு ஐம்பது வயதாகும்போது தழும்புக்கு நாற்பத்தைந்து வயதாகும். அதுவரை அவள் அதை மூடியே வைத்திருக்காமல், எடுத்துப் பார்த்து, ஈரம் காத்து, வேண்டியபோது வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நான் இப்போது அரைக்கைச் சட்டைதான் போடுகிறேன். வெயிலுக்கு மட்டும் சால்வையால் மூடிக்கொள்கிறேன்.